மறைத்து எடுத்துச் செல்ல ஒரு சின்ன ரிவால்வர்: முதல் முறை வாங்குபவர்களுக்கு

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து அந்தச் சின்ன ரிவால்வரை எடுத்துக் கையில் கொடுத்ததும் எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான் வரும்: "அட, பொம்மை மாதிரி இருக்கே!" ஸ்மித் அண்ட் வெஸன் 340பிடி என்ற மாடல் சுமார் 335 கிராம்தான். அரை லிட்டர் பால் பாக்கெட்டைவிட லேசு. நாள் முழுக்கப் பேன்ட் பாக்கெட்டில் கிடந்தாலும் தெரியாது. 'இதுதான் வேணும்' என்று உடனே கிரெடிட் கார்டை நீட்டிவிடுவார்கள். அடுத்த வாரம் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய் அதில் .357 மேக்னம் என்ற பலமான தோட்டா ஐந்தைச் சுட்டதும் உள்ளங்கை கன்றிப்போகும். ஆறாவது முறை ட்ரிகரை அழுத்த விரல் மறுக்கும். அப்புறம் அது அலமாரிக்குள் போய்விடும், பழக்கமும் அதோடு நின்றுவிடும்.

நான் டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறேன். இரவு கடையைப் பூட்டிவிட்டுத் தனியாகக் காருக்கு நடப்பவர்கள், கேஸ் ஸ்டேஷன் நடத்துபவர்கள், ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் என நம் ஆட்கள் சிலர் 'எந்த ரிவால்வர் வாங்கலாம்' என்று கேட்பதுண்டு. எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். பாக்கெட்டுக்கு எது சுகம் என்று பார்த்து வாங்காதீர்கள். வலியில்லாமல், குறி தப்பாமல், உங்கள் கையால் 50 தோட்டா சுட முடிகிற ரிவால்வரில் எது மிகச் சிறியதோ, அதை வாங்குங்கள். இனிச் சொல்லப்போவது எல்லாம் அதைக் கண்டுபிடிக்கும் வழி.

முதலில் விசா, பிறகு கடை

நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத விஷயம் இது, அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. மாநில அரசு தரும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனால் அதை நம்பி இறங்கும் முன் குடியேற்றச் சட்டமும் ஆயுதச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள். மீறினால் 15 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. குடியுரிமை இல்லாதவர்களை ஆயுதக் குற்றத்துக்காக நாடு கடத்தவும் முடியும்.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் குடிமக்களும் வாங்கலாம். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை நடக்கும். படிவத்தில் உள்ள ஒவ்வொரு கேள்வியையும் நிதானமாகப் படியுங்கள். குடும்ப வன்முறைத் தண்டனை, கஞ்சாப் பழக்கம் பற்றியெல்லாம் கேட்பார்கள். கஞ்சா உங்கள் மாநிலத்தில் சட்டப்படி விற்றாலும் இந்தப் படிவத்துக்கு அது பொருந்தாது. 'உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா' என்றும் ஒரு கேள்வி இருக்கும். விசாவில் இருக்கும் நண்பர் பணம் கொடுத்து, நீங்கள் உங்கள் பெயரில் வாங்கிக் கொடுத்தால் அது இரண்டு பேருக்கும் பெருங்குற்றம். 'மச்சான், உன் பேர்ல ஒண்ணு வாங்கித் தாயேன்' என்று யார் கேட்டாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டில் ஒருவர் குடிமகன், இன்னொருவர் விசாவில் என்றால், பெட்டகத்தின் சாவியோ எண்ணோ விசாவில் இருப்பவரிடம் இருக்கக் கூடாது. அவர் கைக்கு எட்டும் இடத்தில் துப்பாக்கி இருந்தாலே அவர் வைத்திருப்பதாக வாதிட இடமிருக்கிறது.

அடுத்தது மாநிலச் சட்டம். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை எதுவும் இல்லாதவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் உரிமம் எடுத்துக்கொள்வதே நல்லது என்பேன். வேறு பல மாநிலங்களில் அது செல்லும், வகுப்பில் சட்டமும் சொல்லித் தருவார்கள். தேர்வில் 3, 7, 15 கஜத் தூரங்களிலிருந்து மொத்தம் 50 தோட்டா சுட வேண்டும், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. உரிமம் இருந்தாலும் பள்ளி, நீதிமன்றம், மது விற்பனையே பிரதானமான பார் போன்ற இடங்களுக்குக் கொண்டுபோகக் கூடாது. '51%' என்று சிவப்பில் எழுதிய பலகையையும், 30.05, 30.06, 30.07 என்ற எண்களைக் கொண்ட பலகைகளையும் (எல்லாம் துப்பாக்கிக்குத் தடை சொல்பவை) அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள். கலிபோர்னியா, நியூஜெர்சியில் இருப்பவர்களுக்கு நிலைமையே வேறு. 2022இல் உச்ச நீதிமன்றம் அளித்த புரூன் தீர்ப்புக்குப் பிறகு அங்கெல்லாம் அனுமதி கிடைப்பது எளிதாகியிருக்கிறது. ஆனால் அனுமதி கட்டாயம். கலிபோர்னியாவில் கடைகள் புதிதாக விற்கும் கைத்துப்பாக்கி மாநிலப் பட்டியலில் இருக்கவும் வேண்டும்.

ரிவால்வர்தான் வேண்டுமா?

கொஞ்சம் யோசியுங்கள். இந்த அளவில் கிடைக்கும், தோட்டாவைத் தானாக ஏற்றிக்கொள்ளும் சின்ன பிஸ்டல்கள் பத்துத் தோட்டா பிடிக்கும், ட்ரிகர் மெத்தென்று இருக்கும், புதியவர்கள் குறி பார்த்துச் சுடுவதும் எளிது. ஜே-ஃப்ரேம் (ஸ்மித் அண்ட் வெஸனின் சிறிய உடல் அளவு) போன்ற சின்ன ரிவால்வரில் ஐந்தே தோட்டா. ட்ரிகரை அழுத்த 4.5 முதல் 5.5 கிலோ வரை விசை தேவைப்படும். பேரல் இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. அதனால் குறி பார்க்க உதவும் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி மிகச் சிறியது, விரல் சற்று அசைந்தாலும் குண்டு விலகிப் போகும். இது தேர்ந்தவர்களுக்கான துப்பாக்கி என்று பழைய ஆட்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

அப்படியானால் யாருக்கு இது பொருந்தும்? பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க முடியாத அளவுக்கு மணிக்கட்டு வலியோ மூட்டு வாதமோ உள்ளவர்களுக்கு. மெலிதான உடையில், பாக்கெட்டில் மட்டுமே வைக்க முடிந்தவர்களுக்கு. உருண்டையான கைப்பிடி பாக்கெட்டுக்குள் துருத்தாது. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி ட்ரிகரை அழுத்தினால் போதும், அடுத்தது வந்து நிற்கும். இந்தக் காரணங்களில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் மேலே படியுங்கள். பொருந்தாவிட்டால் ரேஞ்சில் ஒரு சின்ன பிஸ்டலையும் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வாடகைக்கு எடுத்து, கையால் முடிவு செய்தல்

பெரிய ரேஞ்சுகளில் துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கும். அரை நாள் ஒதுக்குங்கள். இதற்கு முன் சுட்டதே இல்லை என்றால் ஒரு பயிற்றுநருடன் போங்கள். அங்கே மூன்று எடைகளில் ரிவால்வர் கேளுங்கள்.

முதலில் முழு எஃகில் ஒன்று. ரூகர் எஸ்பி101 ஏறத்தாழ 735 கிராம், ஸ்மித் அண்ட் வெஸன் 640 சுமார் 640 கிராம். ஆறு தோட்டா பிடிக்கும் கிம்பர் கே6எஸ், கோல்ட் கோப்ரா, டாரஸ் 856 ஆகியவையும் இந்தக் கூட்டம்தான், எல்லாம் 620 கிராமிலிருந்து 710 கிராமுக்குள் வரும். அடுத்து அலுமினியக் கலவை உடலில் ஒன்று. ஸ்மித் அண்ட் வெஸன் 642, அதன் கறுப்பு நிறச் சகோதரன் 442, இரண்டும் 415 கிராம் அளவில். மூன்றாவதாக ரூகர் எல்சிஆர். 2009இல் வந்தது. ட்ரிகர் பகுதியின் கூடு பாலிமர் என்பதால் .38 வகை 383 கிராம்தான். ட்ரிகர் தடங்கலில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும், புதியவர்கள் பலருக்கு இதுதான் பிடிக்கிறது.

மூன்றிலும் ஒரே தோட்டாவைப் போடுங்கள்: .38 ஸ்பெஷலில் 148 கிரெய்ன் எடைக் குண்டு கொண்ட வாட்கட்டர். தட்டையான முனை, மென்மையான உதை. ஐந்து கஜத் தூரத்தில் ஒரு சின்னக் காகிதத் தட்டு. ஒவ்வொன்றிலும் இருபது தோட்டா, நிதானமாக. ஹேமரை (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலை) விரலால் பின்னுக்கு இழுத்துச் சுடாதீர்கள். ட்ரிகரை முழுதாக அழுத்தியே சுடுங்கள், அவசரத்தில் அப்படித்தான் சுடப் போகிறீர்கள்.

ஒரே தோட்டாதான், ஆனால் துப்பாக்கியின் எடை பாதியானால் உதையின் ஆற்றல் இரண்டு மடங்காகிவிடும். இதைக் காதால் கேட்பதைவிட உள்ளங்கையால் கேட்க வேண்டும்.

என் மனைவிக்காகத் தேடியபோது நடந்ததைச் சொல்கிறேன். அவளுடைய கை சின்னது. 642ஐப் பிடித்தபோது கைப்பிடி உள்ளங்கைக்குள் மறைந்துவிட்டது, சுண்டுவிரலுக்குப் பிடிக்க இடமே இல்லை. ஒவ்வொரு முறை சுட்டதும் துப்பாக்கி கைக்குள் மேலே நழுவியது, அவள் ஒவ்வொரு முறையும் பிடியைச் சரிசெய்தாள். தட்டில் விழுந்தவை இருபதில் ஒன்பது. அடுத்து எஸ்பி101. அது கனம்தான், ஆனால் மூன்று விரலும் ரப்பர் பிடியில் பதிந்தன. பதினேழு விழுந்தன. முக்கியமாக, முடித்த பிறகு 'இன்னும் கொஞ்சம் சுடலாமா' என்று கேட்டாள். அந்தக் கேள்வி வரும் துப்பாக்கியைத்தான் வாங்க வேண்டும்.

கைப்பிடியை மாற்றிக்கொள்ளலாம் என்பதும் நினைவிருக்கட்டும். சுண்டுவிரலும் பிடிக்கிற அளவுக்கு நீளமான ரப்பர் பிடி ஒன்றைப் போட்டால் 642கூட வேறு துப்பாக்கி போலாகிவிடும். பாக்கெட்டில் சற்றுத் துருத்தும், அவ்வளவுதான். ஆள்காட்டி விரலின் முன் கணு ட்ரிகரின் நடுவில் சரியாக உட்கார வேண்டும். விரல்நுனி மட்டும் எட்டினால் அந்தப் பிடி உங்களுக்குப் பெரிது.

எந்தத் தோட்டா

புதியவர்களுக்கு .38 ஸ்பெஷல். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. .357 மேக்னம் எழுதிய ரிவால்வரில் .38 ஸ்பெஷலும் சுடலாம். .38 என்று மட்டும் எழுதிய ரிவால்வரில் .357 சுடக் கூடாது. மேக்னம் 1935இல் வந்தபோதே, பழைய துப்பாக்கிக்குள் நுழைந்துவிடக் கூடாது என்று அதன் கூட்டை மூன்று மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலாக நீட்டியிருக்கிறார்கள். ஆகவே எஃகு உடலில் .357 வாங்கி, .38 போட்டுப் பயன்படுத்துவது நல்ல வழி. எடை குறைந்த உடலில் .357 வேண்டவே வேண்டாம். பெட்டியில் '+பி' என்று போட்டிருந்தால் கூடுதல் அழுத்தம் என்று பொருள், உங்கள் துப்பாக்கி அதைத் தாங்குமா என்று கையேட்டில் பாருங்கள். பழைய மாடல்கள் பலவற்றுக்கு அது ஆகாது.

.38 கூட வலிக்கிறது என்றால் .32 எச்&ஆர் மேக்னம் இருக்கிறது. பல காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2024இல் ஸ்மித் அண்ட் வெஸன் அதே ஜே-ஃப்ரேமில் ஆறு தோட்டா பிடிக்கும் 432, 632 மாடல்களைக் கொண்டுவந்த பிறகு மறுபடி பேசப்படுகிறது. உதை குறைவு, ஒரு தோட்டா கூடுதல். தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்காது, விலையும் கொஞ்சம் அதிகம்.

எடை குறைந்த ரிவால்வரில் இன்னொரு வில்லங்கம். உதையின் வேகத்தில், இன்னும் சுடாத தோட்டாவின் குண்டு கூட்டிலிருந்து மெல்ல முன்னே நகர்ந்து வந்து, தோட்டாக்கள் நிற்கும் உருளையான சிலிண்டரைச் சுழலவிடாமல் அடைத்துவிடும். நீங்கள் எடுத்துச் செல்லப்போகும் தோட்டாவில் நான்கைச் சுட்டுவிட்டு, ஐந்தாவதை வெளியே எடுத்து, சுடாத புதிய தோட்டா ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். நீண்டிருந்தால் அந்த வகை உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது.

ஹேமர்

வெளியே தெரியும் ஹேமர் துணியில் மாட்டும். 642, 442, எல்சிஆர் மூன்றிலும் ஹேமர் முழுக்க உள்ளே இருக்கிறது. பாக்கெட்டிலோ கைப்பையிலோ வைப்பவர்கள் அந்த வகையையே எடுங்கள்.

பழையது வாங்கினால்

நல்ல ரிவால்வர் தலைமுறை தாண்டி உழைக்கும், ஆகவே பழையது வாங்குவதில் தப்பில்லை. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். சிலிண்டரைத் திறந்து எல்லா அறைகளும் காலிதான் என்று கண்ணால் பாருங்கள், விரலால் தொட்டும் பாருங்கள். விற்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டு, மூடி, பாதுகாப்பான பக்கம் திருப்பி ட்ரிகரை முழுதாக அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு சிலிண்டரை ஆட்டிப் பாருங்கள். இடவலமாக மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம், கடகடவென்று ஆடக் கூடாது. முன்னும் பின்னும் தள்ளினாலும் அப்படித்தான். ஐந்து அறைக்கும் இதைச் செய்யுங்கள், ஒரு அறை மட்டும் தேய்ந்திருப்பது உண்டு. சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும் இடைவெளி 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருந்தால் சரி. பிறகு சிலிண்டரைத் திறந்து மெல்லச் சுழற்றி, நடுவிலிருக்கும், காலிக் கூடுகளை வெளியேற்றும் தள்ளுகோலின் நுனியைக் கவனியுங்கள். வட்டமடித்துத் தள்ளாடினால் அது வளைந்திருக்கிறது, பேரத்தை விட்டுவிடுங்கள்.

அந்த இடைவெளியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சுடும்போது அதன் வழியே தீயும் உலோகத் துகளும் பக்கவாட்டில் சீறும். பிஸ்டலில் பழகியவர்கள் இடது கட்டைவிரலை முன்னே நீட்டிப் பிடிப்பார்கள். ரிவால்வரில் அப்படிப் பிடித்தால் விரல் கிழியும். கட்டைவிரல்களை மடக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சிலிண்டருக்குப் பின்னாலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

உறை இல்லாமல் வெளியே போகக் கூடாது

பாக்கெட்டில் வைத்தாலும் பாக்கெட்டுக்கென்றே தைத்த ஹோல்ஸ்டர் வேண்டும். அது ட்ரிகரை முழுதாக மூட வேண்டும், துப்பாக்கியை நிமிர்ந்த நிலையில் நிறுத்த வேண்டும், உருவும்போது பாக்கெட்டிலேயே தங்கிவிட வேண்டும். அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. சாவி, சில்லறை, டிஷ்யூ, எதுவும். வீட்டில் காலித் துப்பாக்கியை வைத்து, சோபாவில் உட்கார்ந்து, குனிந்து, காரில் ஏறி இறங்கிப் பாருங்கள். இறுக்கமான ஜீன்ஸில் உட்கார்ந்தால் கை உள்ளே போகாது என்பது அப்போதுதான் தெரியும். அப்படியானால் இடுப்பில், பேன்ட்டுக்கு உள்பக்கமாகச் செருகும் உறை.

கைப்பை எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. பையைப் பறித்தால் துப்பாக்கியும் போச்சு. கடையில் தள்ளுவண்டியில் வைத்த பையைக் குழந்தை துழாவும். வேறு வழியே இல்லாதவர்கள் தனி அறையும் உள்ளேயே உறையும் கொண்ட பையை வாங்கி, தோளை விட்டு இறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். காரில் விட்டுவிட்டு இறங்குவது பழக்கமாகிவிடவே கூடாது. களவுபோகும் துப்பாக்கிகளில் கணிசமானவை கார்களிலிருந்து போகின்றன.

பழகுதல்

வாங்கிய முதல் மாதம் வாரம் ஒருமுறையாவது ரேஞ்சுக்குப் போங்கள். மற்ற நாட்களில் வீட்டில் காலித் துப்பாக்கியில் பத்து நிமிடம். தோட்டா எல்லாம் வேறு அறையில் இருக்க வேண்டும், சிலிண்டரை இரண்டு முறை பார்க்க வேண்டும், போலித் தோட்டா போட்டுக்கொள்ள வேண்டும், குண்டைத் தடுக்கும் பக்கம் பார்த்து நிற்க வேண்டும். முன் குறிக்குப் பக்கத்தில் பேரலின் மேல் ஒரு டைம் (பத்து சென்ட்) நாணயத்தை வைத்து, அது விழாமல் ட்ரிகரை முழுதாக அழுத்தி விடுங்கள். முதல் நாள் ஒவ்வொரு முறையும் விழும். இரண்டு வாரத்தில் நிற்கத் தொடங்கும்.

சுட்ட கூடுகளை வெளியே தள்ளும்போது பேரலை வானத்தைப் பார்க்க நிமிர்த்தி, தள்ளுகோலை ஒரே அடியாக அடியுங்கள். நான் உரிமத் தேர்வில் இதைச் செய்யவில்லை. படுக்கையாகப் பிடித்தே தள்ளினேன். எரியாத வெடிமருந்துத் துகள் கொஞ்சம் நட்சத்திர வடிவத் தள்ளுதட்டின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது, உப்புக்கல் அளவுதான். சிலிண்டர் மூடவே இல்லை. தேர்வாளர் பழைய பல்துலக்கி ஒன்றைக் கொடுத்தார், துடைத்ததும் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து என் ரேஞ்ச் பையில் ஒரு பல்துலக்கி எப்போதும் இருக்கிறது.

வீட்டில்

குழந்தை இருக்கிற வீட்டில் துப்பாக்கி இரண்டே இடத்தில்தான் இருக்கலாம்: உங்கள் உடம்பில், அல்லது பூட்டிய பெட்டகத்தில். பீரோ மேல்தட்டு, தலையணை அடி, சமையலறை உச்சி அலமாரி எல்லாம் குழந்தைகளுக்குத் தெரியும். சுவரிலோ கட்டிலிலோ போல்ட் போட்டு இறுக்கிய, விரைவாகத் திறக்கும் சின்னப் பெட்டகம் வாங்குங்கள். அந்தச் செலவையும் துப்பாக்கி விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டில் துப்பாக்கி இருந்தால் தற்கொலையில் உயிர் போகும் ஆபத்து கூடுகிறது. வேலை போய், மணவாழ்வு முறிந்து, தனியாகக் கிடக்கும் நேரம் நம்மில் யாருக்கும் வரலாம். வீட்டில் யாராவது மனம் உடைந்திருந்தால் இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஏற்கெனவே இருந்தால், அவர்கள் தேறும் வரை அதை வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். துப்பாக்கியைப் பாதுகாத்து வைத்துத் தரும் கடைகளும் ரேஞ்சுகளும் உண்டு. 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைத்துப் பேசலாம்.

ஊருக்குப் போகும்போது

அமெரிக்காவுக்குள் விமானத்தில் கொண்டுபோக, தோட்டா நீக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, கவுன்டரில் சொல்லி, செக்-இன் பெட்டியாகத்தான் அனுப்ப வேண்டும். இந்தியாவுக்கு உரிமம் இல்லாமல் கொண்டுபோகவே முடியாது. துப்பாக்கியை யாரும் மறந்து கொண்டுபோவதில்லை, மறப்பது தோட்டாவை. ரேஞ்சுக்குக் கொண்டுபோன முதுகுப்பையையே ஊருக்கும் எடுத்துப்போவார்கள். அடிமடிப்பில் ஒற்றைத் தோட்டா கிடந்தாலும் சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரியும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வழக்கு, விசாரணை என்று விடுமுறை முழுக்க அதிலேயே போய்விடும். ஆகவே ரேஞ்சுக்கென்று தனிப் பை ஒன்றை வாங்கி அதை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு, கொண்டுபோகும் பைகளைத் தரையில் கவிழ்த்து உதறி, உள்தையல் ஓரத்தையும் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு அடுக்கத் தொடங்குங்கள்.